மைக்கப் பாத்து ஏசுனவரு

"எதுக்கு டீச்சர் என்னய மட்டும் நிறுத்திக்கிட்டே இருக்கிய?"

வேதமுத்து கேட்டாரு. கேட்டாருன்னு சொல்றது ஒரு மரியாதைக்கு. கத்துனாரு.

தரையில சாக்பீஸால போட்ட வட்டம் ஒரு எடத்துல அழிஞ்சிருந்துச்சு. வடிவு டீச்சர் குனிஞ்சு அத மறுபடி வரஞ்சாங்க.

அந்த வட்டந்தான் டீச்சர் போடுற நாடகத்துக்கு மேடை. திரை கெடையாது, ஒசரம் கெடையாது, மைக்கு கெடையாது. சனிக்கெழம நாடகத்தன்னைக்கு சுத்திவர நாற்காலி போட்டு ஜனம் ஒக்காரும். நடிக்கிறவன் எந்தப் பக்கம் திரும்பினாலும் யாருக்காவது முதுகுதான்.

டீச்சருக்கு இன்னும் முப்பது ஆகல. வேதமுத்துக்கு பொண்ணே காலேஜ் போகுது. அதனால அவர அண்ணாச்சின்னுதான் கூப்பிடுவாங்க. திட்டும்போதும் அண்ணாச்சிதான். அப்போ வலி இன்னும் ஜாஸ்தி.

அண்ணாச்சி லேசுப்பட்ட ஆளு இல்ல. சர்ச்சு கிறிஸ்மஸ் நாடகத்துல வருஷா வருஷம், கொழந்த ஏசுவக் கொல்லத் தேடுற ஏரோது ராஜா. அவரு கத்துற கத்துல தொழுவத்துல படுத்திருக்கிற பச்சக் கொழந்த வீல்னு அழும். இந்த வருஷம் பாஸ்டர் மச்சினனுக்கு ஏரோது மேல ஆச வந்துருச்சு. கிரீடம் போயிருச்சு.

அந்தக் கடுப்புல இங்க வந்து சேந்தாரு. கெடச்ச பார்ட்டு, மலக்குழியில எறங்கிச் செத்துப்போன பையனோட அண்ணன். எதுக்க காண்ட்ராக்டரா நிக்கிறது எலக்ட்ரீஷியன் கபீரு.

காட்சி சின்னது. கபீரு சொல்வான்: "நாங்க யாரும் எறங்கச் சொல்லல. அவனாத்தான் எறங்குனான்."

அண்ணன் வெடிக்கணும்.

வெடிச்சாரு. "பொய்! பச்சப் பொய்! ஒவ்வொரு வார்த்தையும் பொய்!"

"நிறுத்துங்க அண்ணாச்சி. யார ஏசுதிய?"

"காண்ட்ராக்டர."

"அவன் எங்க நிக்கான்?"

"எதுக்க."

"நீங்க எங்க பாத்திய?"

அண்ணாச்சி பாத்தது மேல. சர்ச்சு நாடகத்துல மைக்கு மேலருந்து தொங்கும். வசனம் இருக்கிறவங்க ஒவ்வொருத்தரா அதுக்கு அடியில வந்து நின்னு, தாடையத் தூக்கி, சொல்லி முடிச்சிட்டு வெலகணும். மரியாளே அங்க மைக்கப் பாத்துத்தான் தாலாட்டு பாடுவா.

"மேல ஃபேன்தான் ஓடுது," டீச்சர் சொன்னாங்க. "அது என்ன பாவம் செஞ்சிச்சு?"

எல்லாரும் சிரிச்சாங்க. அண்ணாச்சி காது செவந்துருச்சு.

மறுபடி. இந்த தடவ கபீரு மூஞ்சியவே மொறைச்சிக்கிட்டு கத்துனாரு. எச்சி தெறிச்சுது. கபீரு சட்டையால தொடச்சிக்கிட்டான்.

"நிறுத்துங்க."

"இப்ப என்ன டீச்சர்? கோவம் பத்தலையா?"

"கோவம் ஊருக்கே பந்தி வைக்கிற அளவுக்கு இருக்கு. யாருக்கு எல போட்டிருக்கியன்னுதான் தெரியல." டீச்சர் எந்திரிச்சாங்க. "அண்ணாச்சி, நேராவே சொல்லுதேன். இன்னைக்குள்ள இது வரலைன்னா பார்ட்ட வேற ஆளுக்குக் குடுத்துருவேன்."

"இதயும் புடுங்கப் போறியளா?"

அது மட்டும் அவரு கத்தாம கேட்டது. டீச்சர் கபீரத் தனியா கூப்பிட்டு காதுல என்னமோ சொன்னாங்க.

"சரி. மறுபடி."

கபீரு காண்ட்ராக்டர் மாதிரி வயித்தத் தள்ளிக்கிட்டு நின்னான். கைய விரிச்சான்.

"அண்ணாச்சி, சட்ட பட்டன மாத்திப் போட்டிருக்கிய."

"பொய்! பச்சப் பொய்! ஒவ்வொரு வார்த்தையும் பொய்!"

ஹாலே அதிர்ந்து சிரிச்சுது. ஒருத்தன் தரையில உருண்டான்.

அண்ணாச்சிக்கு புரியல. குனிஞ்சு பாத்தாரு. பட்டன் நெசமாவே மாறிதான் இருந்துச்சு.

நேரா டீச்சர்கிட்ட போனாரு. "என்னயக் கோமாளியாக்குதியளா? ஒங்க வயசு இருக்கும் என் நடிப்புக்கு!"

"கபீரு என்ன சொன்னான்?"

"எனக்கென்ன தெரியும்?"

"எத்தன நாளா தெரியாது?"

"என் வசனம் எனக்குத் தெரியும்! ஒரு எழுத்து பெசகாது!"

"ஒங்க வசனம் தெருமுனை டீக்கடைக்கே தெரியும் அண்ணாச்சி. அவன் வசனத்தக் கேக்கேன்."

அண்ணாச்சி செருப்ப மாட்டுனாரு. பைய எடுத்தாரு. வாசல் வரைக்கும் போனாரு. யாரும் தடுக்கல. அதுதான் அவருக்கு இன்னும் எரிஞ்சுது. தடுத்திருந்தா போயிருப்பாரு.

பைய ஒரு நாற்காலியில விட்டெறிஞ்சிட்டு திரும்பி வந்தாரு. வட்டத்துக்குள்ள, கபீருக்கு நேரா நின்னாரு.

"சொல்லுல. இப்ப என்ன எழவச் சொல்லப் போறியோ, சொல்லித் தொல."

டீச்சர் கபீரப் பாத்து சும்மா தலைய ஆட்டுனாங்க.

அண்ணாச்சி அவன் வாயவே பாத்துக்கிட்டு நின்னாரு. பட்டனா, பேன்ட்டு ஜிப்பா, தலமுடியா, எது வரும்னு தெரியல. மூச்சு கூட விடல.

கபீரு கைய விரிச்சான்.

"நாங்க யாரும் எறங்கச் சொல்லல. அவனாத்தான் எறங்குனான்."

அண்ணாச்சி வாயி தொறந்துச்சு. சத்தம் வரல.

வசனம் மறந்துட்டாருன்னு நெனச்சு ஒருத்தன் "பொய்"னு எடுத்துக் குடுக்கப் பாத்தான். டீச்சர் கைய நீட்டி அவன் வாயப் பொத்துனாங்க.

"அவனாவா?"

அண்ணாச்சிதான் பேசுனது. அவ்வளவு மெதுவா அவரு பேசி அங்க யாரும் கேட்டதில்ல. அவரு முதுகுப் பக்கம் ஒக்காந்திருந்தவங்க கூட முன்னால சாஞ்சாங்க.

"அவனாவா எறங்குனான்?"

ஒரு அடி முன்னால வச்சாரு.

"அந்தக் குழிக்குள்ள... அவனுக்கு ஆச வந்துச்சா? குளிக்கப் போனானா? சொல்லு. என் தம்பி அதுக்குள்ள எதுக்கு எறங்குனான்?"

கபீரு பின்னால போனான். நாடகத்துல இப்படி ஒரு கேள்வி கெடையாது. அதனால அவனுக்குப் பதிலும் கெடையாது. தவிச்சுப்போயி டீச்சரத் திரும்பிப் பாத்தான்.

"என்னய எதுக்குல பாக்குத?" டீச்சர் சொன்னாங்க. "கேட்டது ஒங்கிட்ட."