கடல் விலகிப்போன இடம்

"அம்மா, இந்தப் படத்தை ஊருக்குக் காட்டட்டுமா, சுருட்டி வைத்துவிடட்டுமா?" என்று குருவிடம் கேட்டார் கோமதிநாயகம்.

அவருக்கு அறுபத்திரண்டு வயது. நில அளவைத் துறையில் ஓய்வு பெற்றபின் மஞ்சள்திட்டுத் தீவுக்கு வந்து மடத்தில் சீடராகச் சேர்ந்தவர். குரு அருள்நங்கை அவரைவிட இருபது வயது இளையவர்.

சுற்றுலாப் பயணிகளை நம்பிப் பிழைக்கும் தீவு அது. ஐம்பது வருடத்தில் கடல் எதுவரை ஏறும் என்று படம் வரைந்து தர ஊராட்சி கேட்டிருந்தது. கோமதிநாயகம் ஆறு மாதம் கரையெல்லாம் அலைந்து வரைந்து முடித்துவிட்டார். மூழ்கும் இடமெல்லாம் நீலம்.

"விடுதிக்காரர்கள் காட்டவே கூடாது என்கிறார்கள். பார்த்தால் ஒருத்தரும் வரமாட்டார்களாம்."

"நீங்கள் என்ன சொன்னீர்கள்?"

"பயப்படாமல் உண்மையைப் பாருங்கள் என்றேன்."

குரு படத்தைத் தரையில் விரித்தார். கரை நெடுக நீலம். ஓரிடத்தில் மட்டும் கோடு வளைந்து ஒதுங்கிப் போயிருந்தது.

"இங்கே மேடா?"

"இல்லை அம்மா."

"பாறையா?"

கோமதிநாயகம் தலை குனிந்தார். "நம்ம மடம். நீலம் தீட்டக் கை வரவில்லை."

"கடலுக்கு நம்மேல் அவ்வளவு பக்தியா?"

குரு சிரித்துவிட்டார். கோமதிநாயகத்துக்கு உடம்பெல்லாம் கூசியது.

"பென்சிலை எடுங்கள்."

கோமதிநாயகம் மடத்தின் அடுக்களைமேல் நீலம் தீட்டினார். பூசை அறைமேல் தீட்டினார். கடைசியாகத் தான் படுக்கும் அறைமேல் தீட்டினார். தீட்டி முடித்ததும் நெஞ்சு லேசாகிவிட்டது.

குரு எழுந்து வெளியே போனார். மறுநாள் கடைக்கால் தோண்டுவதற்காகக் கரையோரம் முளை அடித்திருந்தார்கள். மடத்தின் விருந்தினர் மண்டபத்துக்கான இடம் அது. ஒவ்வொரு முளையாகப் பிடுங்கி இருவரும் மேட்டுப்பக்கம் சுமந்தார்கள்.

பக்கத்து விடுதிக்காரர் சூசைமாணிக்கம் ஓடிவந்தார். "என்னம்மா, எங்கே போறீங்க?"

"மேலே."

"கடல் பார்க்கத்தானே ஆள் வருது? அங்கே போய் என்னத்தைக் காட்டுவீங்க?"

"வந்துதான் பாருங்களேன்."

அவர் முணுமுணுத்துக்கொண்டே ஏறினார். உச்சியில் நின்று திரும்பினார். நாலு பக்கமும் கடல். காற்று வேட்டியைப் பறித்தது.

சூசைமாணிக்கம் கீழே தன் விடுதிக் கூரையைப் பார்த்தார்.

பிறகு கோமதிநாயகத்தைப் பார்த்தார். "ஐயா, இங்கே இன்னும் எத்தனை பேருக்கு இடம் இருக்கும்?"

கோமதிநாயகம் அளவு நாடாவின் ஒரு முனையை அவர் கையில் கொடுத்துவிட்டு நடக்கத் தொடங்கினார்.