சுடலைக்குயிலுக்குப் பெயர் வைத்தவர்

ஜய ஆண்டு, வைகாசி மாதம் இருபத்தேழாம் நாள், புதன்கிழமை. காலையிலேயே வெயில் சுட்டது. மேற்கே மலைப்பக்கம் கருமேகம் திரண்டிருந்தது. காற்று அடியோடு நின்றுவிட்டமையால் அது நகரவில்லை. வைப்பாற்றில் பங்குனி முதலே தண்ணீர் இல்லை.

பொன்னம்பல அடிகள் தம் மடத்துக் கிணற்றடியில் அமர்ந்து, அறுந்துபோன கயிற்றை முறுக்கிச் சேர்த்துக்கொண்டிருந்தார். அவருக்கு வயது நாற்பது. அவருடைய சீடர் பிறவிப்பெருமாளுக்கு அறுபது. பருத்தி வியாபாரத்தை விட்டுவிட்டு, இனி ஓர் உயிரையும் கொல்வதில்லை என்று அடிகளின் முன் உறுதி எடுத்துக்கொண்டவர். ஊருக்குள் தம் வீட்டிலேயே குடியிருந்தார்.

அன்று அவர் வணங்க மறந்து பேசத் தொடங்கினார்.

"சுவாமி, ஒரு பறவையைக் கொல்வதற்கு அனுமதி வேண்டும்."

"கயிற்றின் இந்த நுனியைப் பிடியும்" என்றார் அடிகள்.

பிறவிப்பெருமாள் பிடித்தார்.

"எந்தப் பறவை?"

"சுடலைக்குயில். என் வீட்டு வேம்பில் வந்து உட்கார்ந்திருக்கிறது. மகள் மரகதவல்லி பிரசவத்திற்கு வந்திருக்கிறாள். முன்பு பிறந்த இரண்டும் தங்கவில்லை. அவள் வந்த மறுநாளே அது வந்தது. குரலைக் கேட்டு அடுத்த வீட்டார் பெயரைச் சொன்னார்கள். அன்று முதல் அவள் சோற்றைத் தொடுவதில்லை. 'எனக்காகத்தான் வந்திருக்கிறது, அப்பா' என்கிறாள். நிறைமாதம், சுவாமி."

"மருமகன்?"

"துப்பாக்கியோடு நேற்று வந்துவிட்டார். 'மாமா, ஒங்க வெரதம் ஒங்களோட. நீங்க கண்ண மூடிக்கிட்டு நில்லுங்க. நான் சுட்டுக்கிடுதேன்' என்கிறார்."

"ஒளிவுமறைவு இல்லாத மனிதர்" என்றார் அடிகள். அவர் கை நிற்கவில்லை. "மீன்கொத்திக்கு ஏன் அந்தப் பெயர்?"

"மீனைக் கொத்துவதால்."

"வாலாட்டிக்கு?"

"ஓயாமல் வாலை ஆட்டுவதால்."

"ஆட்காட்டிக்கு?"

"ஆள் வருவதைக் கத்திக் காட்டிக்கொடுப்பதால். சுவாமி, நான் என்ன பள்ளிக்கூடத்துப் பிள்ளையா?"

"தவிட்டுக்குருவிக்கு?"

"தவிட்டு நிறம்."

"இந்தப் பெயர்களை வைத்தவர்கள் பறவையைப் பார்த்திருக்கிறார்கள். சுடலைக்குயிலுக்கு?"

"சுடலையில்..." என்று தொடங்கிய பிறவிப்பெருமாள் நிறுத்தினார்.

"சுடலையில் என்ன செய்கிறது?"

பிறவிப்பெருமாள் கையிலிருந்த கயிற்று நுனியைத் திருப்பிப் பார்த்தார்.

"சரி. உமது வேம்பில் இருப்பது பார்க்க எப்படி இருக்கும்?"

"நான் பார்க்கவில்லை, சுவாமி. குரல் கேட்டவுடன் சன்னலைச் சாத்திவிடுவோம்."

"சுடலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு வாரும். கொல்வதைப் பிறகு பேசலாம்."

"இப்போதா? உச்சிவேளை ஆகப்போகிறதே!"

"ஆகட்டும். கயிற்றை விட்டுவிட்டுப் போம்."

சுடலை ஆற்றுக்கு அக்கரையில் இருந்தது. பிறவிப்பெருமாள் சுடுமணலைக் கடந்து போனார். ஒரு தகரக் கொட்டகை, பழைய சாம்பல், உடைந்த கலயங்கள், கோடியில் முள் அடர்ந்த ஓர் உடைமரம். புகை இல்லை, ஆள் இல்லை. காகத்தின் குரல்கூடக் கேட்கவில்லை. கொட்டகை நிழலில், உடைமரத்தைப் பார்த்தபடி அவர் உட்கார்ந்தார். மரத்தில் ஒன்றும் அசையவில்லை.

"வந்திருக்கிறதா?" என்று ஒரு குரல் கேட்டது.

பிறவிப்பெருமாள் திரும்பினார். ஊருக்குச் செல்லும் பாதை தொடங்கும் இடத்தில் ஒருவர், ஊர்ப்பக்கம் முகமும் சுடலைப்பக்கம் முதுகுமாக நின்றிருந்தார். தலை அப்போதுதான் மழித்ததுபோல் இருந்தது. இடுப்பில் ஒற்றை வேட்டி. அதிலிருந்து நீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"யாரையா நீர்?"

"கொள்ளி வைத்தவன்."

"இன்று இங்கே எதுவும் எரியவில்லையே?"

"மகளுக்கு வைத்தேன்" என்றார் அவர். "வைத்தவன் திரும்பிப் பார்க்கக் கூடாது என்று சொல்லி, தோளைப் பிடித்துத் திருப்பிவிட்டார்கள். நடந்தேன். இந்த இடத்திற்கு வந்தபோது எனக்குப் பின்னால் அது கூவியது. என்ன பறவை என்று கேட்டேன். உடன் வந்தவர்களுக்குத் தெரியவில்லை, அவர்களும் திரும்பவில்லை. சுடலையில் கூவுகிறது, சுடலைக்குயிலாக இருக்கும் என்று நானே சொன்னேன். அந்தப் பெயரை அவர்கள் ஊருக்குள் கொண்டுபோய்விட்டார்கள்."

பிறவிப்பெருமாள் எழுந்து நின்றார்.

அப்போது உடைமரத்திலிருந்து அந்தக் குரல் எழுந்தது. தெளிவான, தனித்த, உலோகத்தைத் தட்டினாற்போன்ற குரல். வீட்டில் சன்னலைச் சாத்திய பிறகும் கேட்குமே, அதே குரல்.

"நீர் கொள்ளி வைக்கவில்லை, உமக்குத் தடை இல்லை" என்றார் அவர். "திரும்பிப் பார்த்து, அது எப்படி இருக்கிறது என்று சொல்லும்."

பிறவிப்பெருமாள் தயங்கினார். மரத்தின் பக்கம் திரும்பினால், அந்த மனிதர் தம் முதுகுக்குப் பின்னால் இருப்பார்.

திரும்பினார்.

"மேலே கறுப்பு" என்றார்.

"கீழே?"

"வெள்ளை."

"பெரியதா?"

"மைனாவைவிடப் பெரிது. வால் நீளம்."

"என்ன செய்கிறது?"

"கம்பளிப்பூச்சி ஒன்றைக் கிளையில் அடித்துக்கொண்டிருக்கிறது. தலையில் கொண்டை இருக்கிறது."

"கொண்டையா?"

குரல் இப்போது மிக அருகில் கேட்டது. பிறவிப்பெருமாள் மரத்தைவிட்டுக் கண்ணை எடுக்கவில்லை.

"ஆமாம். சீவாத கொண்டை. படுக்கையிலிருந்து எழுந்து அப்படியே வந்ததைப்போல் நிற்கிறது."

பின்னால் ஒரு சிரிப்பு எழுந்தது. சிரித்துப் பழக்கம் விட்டுப்போனவரின் சிரிப்பு.

"அவளும் தலை சீவ மாட்டாள்" என்றது அந்தக் குரல்.

பறவை பூச்சியை விழுங்கிவிட்டுப் பறந்து சென்றது. பிறவிப்பெருமாள் மெல்லத் திரும்பினார். பாதையில் ஒருவரும் இல்லை. அவருடைய சொந்தக் குதிகால்களுக்குப் பின்னால், ஒரு சாண் தொலைவில், மண் நனைந்திருந்தது. அவர் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அந்த ஈரம் காய்ந்தது.

ஆற்றின் நடுவில் வரும்போதுதான், அந்த மனிதர் எந்தத் தண்ணீரில் மூழ்கியிருப்பார் என்ற கேள்வி அவருக்குத் தோன்றியது. அவர் ஓடவில்லை. ஓடத் தொடங்கினால் திரும்பிப் பார்க்க நேருமோ என்று அஞ்சினார்.

மடத்தில் அடிகள் கயிற்றை வாளியில் கட்டிக்கொண்டிருந்தார்.

"பார்த்தீரா?"

"பார்த்தேன், சுவாமி."

நடந்தவற்றை ஒன்றும் விடாமல் சொன்னார்.  

"சுவாமி, அது பேய்தானே?"

"முகத்தைப் பார்த்தீரா?"

"இல்லை. முதுகை மட்டுந்தான் பார்த்தேன்."

அடிகள் வாளியைக் கிணற்றுக்குள் இறக்கினார். புதிய முறுக்கு உருளையில் ஏறி இறங்கியது, கயிறு தாங்கியது.

"பார்க்காமலேயே பெயர் வைத்துவிட்டீரே" என்றார்.

 பிறவிப்பெருமாள் அனுமதியை மீண்டும் கேட்கவில்லை.

அன்று மாலை அவர் வீட்டுச் சன்னல்களைத் திறந்தார். மருமகன் வைரவநாதன் துப்பாக்கியோடு வேம்படியில் நின்றிருந்தார். "அவள் பார்க்கட்டும், அதன் பிறகு உம் விருப்பம்" என்று அவரிடம் சொல்லிவிட்டு, மகளைக் கைத்தாங்கலாக வெளியே அழைத்துவந்து நாற்காலியில் உட்கார வைத்தார். மரகதவல்லி வர மறுத்து அழுதாள். பிறகு அண்ணாந்து பார்த்தாள். வெகுநேரம் பார்த்தாள். "இம்புட்டூண்டு பறவையா?" என்றாள். அன்றிரவு இரண்டு கவளம் சோறு உண்டாள். மறுநாள் சற்று அதிகமாக உண்டாள். வைரவநாதன் தோட்டாவை எடுத்துப் பையில் போட்டுக்கொண்டு தம் ஊருக்குத் திரும்பினார்.

ஆனி மாதத்தில் பெண் குழந்தை பிறந்தது, பிழைத்துக்கொண்டது. மழை பெய்து ஓய்ந்தபின் பறவை வேம்பைவிட்டுப் போயிற்று. ஊரார் அதனை இன்றும் பழைய பெயராலேயே அழைக்கிறார்கள். பிறவிப்பெருமாள் மேலும் ஒன்பது ஆண்டுகள் வாழ்ந்தார். அந்தப் பெயரை அவர் சொல்லி ஒருவரும் கேட்டதில்லை.