அடுக்களை லைன்

"ஒரே ஒரு கையெழுத்து டீச்சர். அதைப் போடுறதுக்கு ஏன் இத்தனை கேள்வி?"

ஆவுடையப்பன் பொரிந்தார். நியாயம்தான், அவர் அவசரம் அவருக்கு.

ஊர் ஸ்ரீவைகுண்டம். பியூலா டீச்சர் ஐ.டி.ஐ.யில் வயரிங் பாடம் நடத்துகிறவர். லைசென்ஸும் உண்டு. ஆவுடையப்பனோ தலை நரைத்த பிறகு பரீட்சை எழுதி லைசென்ஸ் வாங்க வேண்டும் என்று டீச்சரிடம் வந்து சேர்ந்தவர். வயதில் டீச்சரைவிட ரொம்பப் பெரியவர்.

"பொம்பளப் பிள்ளைகிட்டப் போயி படிக்கீராக்கும்?" என்று டீக்கடையில் கேலி பேசினார்கள்.

"தெரிஞ்சவங்ககிட்டதான வே கேக்கணும்" என்றார் ஆவுடையப்பன். அந்த மட்டுக்கும் நல்ல மனுஷன்.

இத்தனை காலமும் அடுத்தவருக்குக் கீழே கம்பி இழுத்தவர், தன் பேரில் எடுத்த முதல் வேலை இது. பழைய சுண்ணாம்புக் கட்டு வீடு. வீடு பூராவும் வயரை மாற்றியாகிவிட்டது. நாளைக்குப் பால்காய்ச்சு. டீச்சர் பார்த்துக் கையெழுத்துப் போட்டால்தான் குடி வருவேன் என்று வீட்டுக்காரர் சொல்லிவிட்டார். கையெழுத்து கிடைக்கவில்லை என்றால் ஊரில் ஆவுடையப்பன் பேர் அவ்வளவுதான். திரும்பவும் அடுத்தவருக்குக் கீழே போக வேண்டியதுதான்.

டீச்சர் மெயின் போர்டைத் திறந்து வைத்துக்கொண்டு நின்றார்.

"வேலை சுத்தமா இருக்கு அண்ணாச்சி. ஆனா அடுக்களை லைன் மட்டும் ஏன் ட்ரிப்பருக்கு முன்னாலயே பிரிஞ்சு போகுது?"

ட்ரிப்பர் வேறொன்றும் இல்லை. கரண்ட் எங்கேயாவது கசிந்தால் தானாகவே பட்டென்று விழுந்து லைனை நிறுத்துகிற சுவிட்ச்.

"அதை ஏன் கேக்கீங்க! அடுக்களையை அதுல சேத்தா நிக்கவே மாட்டேங்கு. கிரைண்டரப் போட்டா விழுது. தூக்கிவிட்டா மறுபடி விழுது. மனுஷனுக்குக் கிறுக்குப் பிடிச்சிரும் போலிருக்கு."

"ஏன் விழுது?"

"அந்தச் சுவத்துக்குள்ள பழைய லைன்தான் கிடக்கு. ரெண்டே வயரு, எர்த் கிடையாது. சுவரு வேற ஈரம் குடிச்சிருக்கு."

"மாத்தியிருக்கலாம்லா?"

"மாத்தவா? வீட்டம்மா ஆசைப்பட்டு டைல்ஸ் ஒட்டியாச்சு டீச்சர். அதைக் கொத்தப் போறேன்னு சொன்னா என்னைக் கொத்திருவாக!"

"சட்டம் என்ன சொல்லுது?"

"எல்லா லைனும் ட்ரிப்பர் வழியாத்தான் போகணுமாம். சட்டம் கிடக்கட்டும் டீச்சர். பரீட்சைக்கு மனப்பாடம் பண்ணியாச்சு, கேட்டா ஒப்பிச்சிருவேன். அதை எழுதுனவரு இந்தச் சுவரைப் பாத்தாரா, சொல்லுங்க. நம்ம ஊர்ல பாதி வீட்டுல இப்படித்தான் ஓடுது."

டீச்சர் போர்டுக்குள்ளேயே பார்த்துக்கொண்டு நின்றார்.

பதில் சொல்லாதவர்களிடம்தான் நமக்கு வாய் நீளும். ஆவுடையப்பனுக்கும் நீண்டது.

"ஊராரை விடுங்க. நானே கைவச்சுப் பாத்தாச்சு. ஒண்ணுஞ் செய்யல."

"எங்க, காட்டுங்க."

இருவரும் அடுக்களைக்குப் போனார்கள். மூலையில் பழைய கிரைண்டர், பெரிய உருப்படி. ஆவுடையப்பன் சுவிட்சைப் போட்டார். அது கடகடவென்று சுற்றியது. உள்ளங்கையை விரித்து அதன் தகரத்தில் அப்படியே பதித்தார்.

"பாத்தீங்களா?"

டீச்சர் கையைப் பார்க்கவில்லை, காலைப் பார்த்தார். தடி ரப்பர் செருப்பு. வயரிங் வேலைக்கு வந்தவர் வீட்டுக்குள் செருப்போடு திரிந்தால் எந்த வீட்டிலும் யாரும் ஒன்றும் சொல்வதில்லை. சாமி ரூமுக்குள் மட்டும் போகாமல் இருந்தால் சரி.

"நல்லது" என்றார் டீச்சர். "ஆஃப் பண்ணிட்டு இங்கேயே நில்லுங்க. வீட்டம்மாவைக் கூட்டிட்டு வாரேன்."

வாசல் பக்கம் போனார். வீட்டம்மா சண்முகவடிவு வாடகை வீட்டிலிருந்து வந்த பாத்திரங்களைப் பிரித்துக்கொண்டிருந்தாள். சொந்த வீட்டுக்குத் திரும்பி வருகிற சந்தோஷம் முகத்தில் அப்பிக் கிடந்தது.

"என்ன டீச்சர், எல்லாம் முடிஞ்சுதா? நாளைக்கு எங்க அண்ணன் வீட்டு ஆளுக பூரா வாராக."

"ஒரு நிமிஷம் அடுக்களைக்கு வாங்கம்மா. முன்னால நீங்க எப்படி மாவாட்டுவீங்கன்னு பாக்கணும்."

"இதென்ன கூத்து! மாவாட்டுறதைப் போயி பாக்கணுமா?"

சிரித்துக்கொண்டே வந்தாள். சேலையைத் தூக்கி இடுப்பில் செருகினாள். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள். தரையெல்லாம் தண்ணீர். அந்தத் தண்ணீரிலேயே வெறுங்காலோடு நடந்து கிரைண்டர் பக்கத்தில் போய் நின்றாள். அடுக்களை என்றால் அப்படித்தானே.

"இந்தா, இப்படித்தான் நிப்பேன். ஆனா அப்ப மணை கிடக்கும்."

"என்ன மணை?"

"மரப்பலகை டீச்சர். இது தொட்டா சுர்ருனு இழுக்கும்லா. அதனால மணை மேல ஏறி நின்னுதான் ஆட்டுறது. எங்க அத்தை இந்த வீட்டுக்கு வந்த எனக்கு முதமுதல்ல சொன்னதே அதுதான். மணையில்லாம கிரைண்டர் கிட்டப் போகாதேன்னு."

"அந்த மணை இப்ப எங்க?"

"அது என்னத்துக்கு இனிமே?" சண்முகவடிவு ஆவுடையப்பனைப் பார்த்துப் பெருமையாகச் சிரித்தாள். "அண்ணாச்சிதான் வீடு பூரா புது வயர் இழுத்துட்டாகல்லா! நேத்தே வெந்நீர் அடுப்புல வச்சு எரிச்சுட்டேன்."

ஆவுடையப்பனின் முகம் மாறியது.

அவள் அதைக் கவனிக்கவில்லை. பேசிக்கொண்டே ஈரக்கையை நீட்டிச் சுவிட்சைத் தட்டினாள். மறு கை கிரைண்டரைப் பிடிக்கப் போனது.

"தொடாதீங்க தாயி!"

அந்தச் சத்தம் தெருவரைக்கும் கேட்டிருக்கும். ஆவுடையப்பன் பாய்ந்து அவள் கையைத் தட்டிவிட்டார். அவர் முழங்கை பட்டு மேடையிலிருந்த எவர்சில்வர் சம்படம் உருண்டு விழுந்தது.

சண்முகவடிவு நெஞ்சில் கை வைத்துக்கொண்டாள்.

"என்ன அண்ணாச்சி இது! ஈரக்கொலையே நடுங்கிப் போச்சு!"

சுவிட்ச் போட்டும் கிரைண்டர் சுற்றாமல் நிற்பது அப்புறம்தான் ஆவுடையப்பன் கண்ணில் பட்டது.

"பயப்படாதீங்க" என்றார் டீச்சர். "மெயினை அமத்திட்டுத்தான் அவங்களைக் கூப்பிட்டேன்."

குழாயிலிருந்து தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி."

"ம்."

"நீங்க கைவச்சுப் பாத்த கிரைண்டர்தான? ஒண்ணுஞ் செய்யலன்னீங்க. பிறகு ஏன் கத்துனீங்க?"

ஆவுடையப்பன் டீச்சரைப் பார்க்கவில்லை. தரையில் அந்த அம்மாளின் ஈரக்கால்கள் இருந்த இடத்தையே பார்த்துக்கொண்டு நின்றார். வெட்கமாக இருந்தது. வெட்கத்தைவிடப் பயம் கூடுதலாக இருந்தது.

பிறகு பேசாமல் போய்ப் பையைத் திறந்தார். உளியையும் சுத்தியலையும் எடுத்துக்கொண்டு வந்து, புது டைல்ஸ் ஒட்டிய சுவருக்கு முன்னால் உட்கார்ந்தார்.

சண்முகவடிவுக்கு ஒன்றும் புரியவில்லை. டீச்சரைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள்.

"என்ன அண்ணாச்சி, வேலை முடிஞ்சுதுன்னு சொன்னீங்களே?"

"இல்ல தாயி" என்றார் ஆவுடையப்பன். "இன்னும் தொடங்கவே இல்ல."