பட்டப்பகல்ல எரிஞ்ச லைட்டு

படுத்தாச்சா? காலை நீட்டு. போர்வையை உதைக்காத. ஒரே ஒரு கதைதான். நடுவுல ‘ம்’ கொட்டணும். கொட்டலேன்னா நிறுத்திருவேன்.

ஒரு ஊர்ல ஒரு சுவிட்சு இருந்துச்சு.

“சுவிட்சா தாத்தா? ராஜா இல்லையா?”

ராஜா இல்ல. சுவிட்சு. அதுவும் ஒண்ணு இல்ல, ரெண்டு. வாசக்கதவுக்கு வெளிய, ஒரே பெட்டியில, பக்கத்துல பக்கத்துல. ஒண்ணை அமுக்கினா உள்ள பெல் அடிக்கும். இன்னொண்ணை அமுக்கினா தலைக்கு மேல லைட்டு எரியும். பாக்க ரெண்டும் ஒண்ணுபோல. ஒண்ணுல மணி படம் போட்டிருந்துச்சாம். கை பட்டுக் கை பட்டு அழிஞ்சுபோச்சு. எந்தப் புண்ணியவான் மாட்டினானோ, ஒரு வீட்டு வாசல்லயும் விருந்தாளியா நின்னிருக்க மாட்டான்.

“ம்.”

அந்த வீட்டுல ஆவுடைன்னு ஒருத்தி இருந்தா. மூணாவது மாடி. கல்யாணம் கட்டிக்கல. டெலிபோன் ஆபீஸ்ல வேலை. ஊர்ல உள்ளவன் பேசுறதுக்கெல்லாம் லைன் போட்டுக் குடுத்தா. ரிட்டையர் ஆனப்புறம் அவகிட்டப் பேச ஒருத்தரும் இல்ல. ரேடியோவை ஓடவிட்டு அதுகூடச் சண்டை போடுவா.

அவளுக்கு ஒரே தங்கச்சி, செண்பகம். அதே ஊருதான். பேச்சு இல்ல.

“ஏன்?”

தூக்குச்சட்டி. அவங்க அம்மா வெச்சிருந்தது. சூடா எதையாவது ஊத்தி மூடிட்டா அவ்வளவுதான், மூடி கப்புன்னு இறுகிக்கும். பிடிக்க ஒரு காது கிடையாது. செண்பகம் அதுல ரசம் வாங்கிட்டுப் போனா. இழுத்தா, வரல. திருகினா, வரல. குழவிக்கல்லை எடுத்து ஒரு போடு. ணங்! சட்டி நெளிஞ்சுபோச்சு. “அம்மா சாமானை அடிச்சவ என் வாசல்ல ஏறாத”ன்னா ஆவுடை. “ஏறல போ”ன்னா செண்பகம். ஒரு மூடிக்கு வருசக்கணக்கா ரெண்டு பேரும் பேசிக்கல.

“ம்.”

அப்புறம் செண்பகம் மகளுக்குக் கல்யாணம் கூடிச்சு. பேரு உலகு. ஆவுடை இடுப்புலயே வளந்த பிள்ளை. சேதி காதுல விழுந்ததும் ஆவுடைக்கு இருப்புக்கொள்ளல. ஆனா நேர்ல வந்து, குங்குமம் குடுத்து, பத்திரிகையைக் கையில வெச்சாத்தானே போக முடியும்? அழைக்காத கல்யாணத்துக்கு அக்கா போனா ஊரு சிரிக்கும். அதனால காத்துக் கிடந்தா. தினமும் நல்ல சேலை உடுத்துவா. ரெண்டு டம்ளரைக் கழுவிக் கவுத்தி வெப்பா. ஒருத்திக்கு எதுக்கு ரெண்டு டம்ளரு? நீயே யோசி.

அப்போ ஒரு நாள் செண்பகம் வந்தா. தட்டுல வெத்தலை பாக்கு, குங்குமம், பத்திரிகை. மூணு மாடி ஏறி, புஸ்ஸு புஸ்ஸுன்னு மூச்சு. சுவிட்சை அமுக்கினா. டொக்.

எதை அமுக்கினா?

“லைட்டை!”

ஆமா. நல்ல வெயிலு. எரியிறது யாருக்குத் தெரியும்? நின்னா. உள்ள ரேடியோ சத்தம் கேக்குது. கதவு திறக்கல.

“கதவைத் தட்டலாம்ல?”

பெல் அடிச்சும் திறக்காத வீட்டைத் தட்டுவாளா? ரோசம் இருக்குல்லா.

“பத்திரிகையைக் கதவுக்கு அடியில சொருகலாம்ல?”

அது என்ன கரண்டு பில்லா? சும்மா கேளு.

செண்பகம் இறங்கிப் போயிட்டா. அப்புறம் ஆவுடை குப்பை கொட்ட வெளிய வந்தா. லைட்டு எரியுது. “எவன் பட்டப்பகல்ல லைட்டைப் போட்டது? மாடிவீட்டு வாண்டு வேலைதான்.” டொக். அணைச்சா. போயிட்டா.

ரெண்டாவது தடவை செண்பகம் மகளையும் கூட்டிட்டு வந்தா. டொக். டொக். டொக். உலகு கதவுல காதை வெச்சுக் கேட்டா.

“பெரியம்மா பேசிக்கிட்டு இருக்காம்மா.”

“யாருகிட்ட?”

“ரேடியோகிட்ட.”

“ரேடியோகிட்டப் பேசுவா. நம்மகிட்டப் பேசமாட்டா.”

“நான் கூப்பிடட்டுமா?”

“பெல்லே கேக்காத காதுக்கு உன் தொண்டை கேக்கப் போவுதா? நட.”

அப்புறமும் லைட்டு எரிஞ்சுது. அப்புறமும் ஆவுடை வந்து ஏசிட்டு அணைச்சா. அவ கவுத்தி வெச்ச டம்ளரு கவுந்தே கிடந்துச்சு.

“ம்.”

மூணாவது தடவை சாயங்காலம். மழை. சளசளன்னு ஊத்துது, வானம் இருட்டிக் கிடக்கு. செண்பகம் முந்தானைக்குள்ள பத்திரிகையை ஒளிச்சு வெச்சுக்கிட்டு ஏறி வந்தா. கடைசித் தடவைன்னு நினைச்சுக்கிட்டுத்தான் வந்தா. அமுக்கினா. டொக். பளிச்சுன்னு லைட்டு எரிஞ்சுது.

அக்காதான் உள்ளேர்ந்து போட்டான்னு நினைச்சுட்டா. யாரு வந்திருக்கான்னு பாக்கப் போட்டிருக்கான்னு. முகத்தைத் துடைச்சுக்கிட்டு, சிரிச்சமுகமா நின்னா, பாவம்.

உள்ள ஆவுடைக்குக் கதவு மேல உள்ள கண்ணாடி வழியா வெளிச்சம் தெரிஞ்சுது. இருந்த எடத்துலேர்ந்தே கத்தினா: “மறுபடியும் வந்துட்டியா? ஓடு! இந்த வாசல்ல நிக்காத!”

வாண்டைச் சொன்னா. வாண்டு அங்க இல்ல.

செண்பகம் இறங்கிப் போனா. மழைக்கு நிக்கக்கூட இல்ல.

என்ன, ‘ம்’ வரல?

“ம்… அழுதாளா?”

மழையில யாருக்குத் தெரியும்.

அப்புறம் கல்யாண நாளும் வந்துச்சு. யாரும் அழைக்கல. ஆவுடை பழைய சேலையோட, கதவுப் பிடியில தொங்குற பையிலேர்ந்து பால் பாக்கெட்டை எடுக்க வெளிய வந்தா. ஒரு காத்து. டமார்! கதவு சாத்திக்கிச்சு. அது சாத்தினாலே பூட்டிக்கிற பூட்டு. திருடன் வெளிய நிக்கிறானா, வீட்டுக்காரி வெளிய நிக்கிறாளான்னு அதுக்குத் தெரியாது. சாவி உள்ள. செருப்பு உள்ள.

ஆவுடை என்ன செஞ்சா? பெல் அடிச்சா.

“உள்ளதான் யாருமே இல்லையே!”

இல்லதான். சாத்தின கதவைப் பாத்தா கை அதுபாட்டுக்குப் போவுது. டொக். அணைச்சு அணைச்சுப் பழகின கை, அந்தச் சுவிட்சுக்குத்தான் போச்சு. பெல் அடிக்கல. லைட்டு எரிஞ்சுது.

அண்ணாந்து பாத்தா. பாத்துக்கிட்டே நின்னா.

வெயில்ல எரிஞ்சுதே, அது வாண்டு இல்ல. அப்புறம் எரிஞ்சுதே, அதுவும் இல்ல. ஒவ்வொரு தடவையும் இந்த வாசல்ல ஆளு வந்து நின்னிருக்கு. வேற யாரு, தங்கச்சிதான். மழையன்னைக்குக் கத்தினது நெனப்பு வந்துச்சு. படியில உக்காந்துட்டா.

உக்காந்து என்ன செய்ய? எந்திரிச்சா. நடந்தா. வெறுங்காலு, பழைய சேலை, கையில பால் பாக்கெட்டு. மண்டபத்து வாசல்ல பன்னீர் தெளிக்கிற பொண்ணு, “பாலைப் பின்பக்கம் சமையக்கட்டுல குடுங்க”ன்னா. சரின்னு பின்பக்கமாவே போனா.

அங்க செண்பகம் அண்டா பக்கத்துல நின்னுக்கிட்டிருந்தா. பட்டுச்சேலை. திரும்பிப் பாத்தா.

“உன்னை யாரு கூப்பிட்டா?”

“நீதான். லைட்டு எரிஞ்சுதுட்டி. எரிஞ்சப்பல்லாம் நான்தான் அணைச்சேன்.”

செண்பகத்துக்கு விளங்கல. விளக்கிச் சொல்லுததுக்குள்ள பால் பாக்கெட்டு கைச்சூட்டுல வெதுவெதுன்னு ஆயிட்டு.

“தாலி கட்டியாச்சுக்கா”ன்னா செண்பகம். “இப்பத்தான். உன் எடத்துல வேற ஆளை நிக்க வெச்சேன்.”

ஆவுடை பால் பாக்கெட்டை அண்டா பக்கத்துல வெச்சா. முடிஞ்சது முடிஞ்சதுதான். அதைத் திரும்பக் கட்டிக் காட்டுவாங்களா?

“ம்…”

சாயங்காலம் செண்பகம் பூட்டுக்காரனுக்குச் சொல்லிவிட்டுட்டு அக்காகூட வந்தா. அவன் வாரவரைக்கும் ரெண்டு பேரும் வாசல்ல நின்னாங்க. “எங்க, இப்ப அமுக்கு பாப்போம்”ன்னா ஆவுடை. செண்பகம் அமுக்கினா. டொக். லைட்டு எரிஞ்சுது.

“நாசமாப் போற சுவிட்சு”ன்னா செண்பகம். அப்புறம் நெத்தியில இருந்த ஸ்டிக்கர் பொட்டைப் பிச்சா. மத்தச் சுவிட்சுல ஒட்டினா. அழுத்தி ஒட்டினா. அந்த அழுத்துல, டிங்… டாங்…

ஆளில்லாத வீட்டுக்குள்ள பெல்லு அடிச்சுது. ரெண்டு பேரும் காதைக் குடுத்துக் கேட்டாங்க.

“அடிக்குதுட்டி”ன்னா ஆவுடை.

இன்னொரு தடவை அமுக்கச் சொன்னா.

அவ்வளவுதான்.

“தாத்தா… நம்ம வீட்டுச் சுவிட்சுல பொட்டு இருக்கா?”

இருக்கு. உங்க அம்மா ஒட்டினது.

“அம்மா டூட்டி முடிஞ்சு வந்து… மறந்துபோயி லைட்டை அமுக்கிட்டா?”

லைட்டு எரிஞ்சாலும் நான் எந்திரிச்சுப் போய்ப் பாப்பேன். சும்மா எரிஞ்சாலும் பாப்பேன். நீ பேசாமக் கண்ணை மூடு. சுவிட்சு தூங்கிட்டு, கதையும் தூங்கிட்டு, இனி நீதான் பாக்கி.

ம் கொட்டு.

ஏட்டி, ம் கொட்டு.

சரி.