கொம்பையன் நகர்த்திய வேலி

ஊருக்கொரு ராஜா இருந்த காலம். கதை சின்னது, குறுக்கே பேசாமல் கேளுங்கள்.

கொம்பையன் என்று ஒருவன். தோட்டத்து வேலிகளைக் கழித்துச் சீராக்குவது அவன் பிழைப்பு. அவன் அரிவாள் பட்ட கிளுவைவேலி நூல் பிடித்தாற்போல நிற்கும். ஊரில் பாதித் தோட்டம் திருமேனிப் பண்ணையாருடையது. ஆகவே கொம்பையனின் பாதிச் சோறும் அவர் கையில்.

பண்ணையார் தோட்டத்தை அடுத்து ஆவுடையின் கொல்லை. பிச்சிப்பூ போட்டிருந்தாள். வேலியிலிருந்து இரண்டு முழம் தள்ளி அவளுடைய சின்னக் கிணறு. அது இல்லையென்றால் பூ இல்லை. பூ இல்லையென்றால் அடுப்பு எரியாது.

ஒரு மழைக்காலத்தில், வேலிக்கு அந்தப்பக்கம், ஆவுடையின் கொல்லைக்குள் ஒரு முழம் தள்ளிக் கிளுவைக் குச்சி நடச் சொன்னார் பண்ணையார். அது தழைத்ததும் பழைய வரிசையைத் தரையோடு அறுத்து மண்ணைப் போட்டு மூடிவிட வேண்டும்.

"ஒரு முழம்தானேடா. பூமிக்கு வலிக்கவா போகிறது?"

நட்டான். அடுத்த ஆண்டும் சொன்னார், நட்டான். மூன்றாம் ஆண்டு அவர் சொல்லவேயில்லை. இவனே கிணற்றுக்கு அப்பால் போய் நட்டான். ஆவுடை பார்த்தாள். இனி ஆடு கிணற்றில் விழாது என்று சந்தோஷப்பட்டாள், பாவம்.

குச்சி தழைத்தது. பழைய வரிசை போயிற்று. கிணறு பண்ணையார் பக்கம் வந்துவிட்டது.

ஆவுடை முறையிட்டாள். ராஜாவின் அதிகாரி விசாரிக்க வந்தார். வேலிதான் எல்லை என்பது நாட்டு வழக்கம். ஊரார் பண்ணையாருக்குப் பயந்து தலையைச் சொறிந்தார்கள். ஆவுடை கலங்கவில்லை.

"கொம்பண்ணன் சொல்லட்டும். அவர் சொன்னால் எனக்குச் சம்மதம்."

வேலி நகர்ந்ததா என்று அதிகாரி கேட்டார். கொம்பையன் பண்ணையார் முகத்தைப் பார்த்தான்.

"வேலிக்குக் காலா இருக்கிறது சாமி, நடந்துபோக?"

கூட்டம் சிரித்தது. அதிகாரியும் சிரித்தார். அந்தச் சிரிப்போடு வழக்கு முடிந்தது.

"அப்படியா அண்ணே" என்றாள் ஆவுடை.

பத்து நாளில் பிச்சி கருகியது. ஒரு மூட்டையோடு அவள் போய்விட்டாள். எந்த ஊருக்கு என்று ஒருவரும் கேட்டுவைக்கவில்லை.

மறுபடி மழை. அறுத்தால் சாகிற சாதியா கிளுவை? மண்ணுக்குள் கிடந்த அடிக்கட்டைகள் துளிர்த்தன. ஒரு வரிசை, இரண்டு வரிசை, மூன்று வரிசை. வேலி எங்கிருந்து எங்கே போனது என்று குருடனும் தடவிச் சொல்லலாம். தோண்டி எறி என்றார் பண்ணையார்.

கொம்பையனுக்குக் கை வரவில்லை. அரிவாளை அவர் காலடியில் வைத்துவிட்டு, நடந்தே போய் அதிகாரியிடம் எல்லாவற்றையும் சொன்னான். அவர் வந்தார், பார்த்தார், கிணறு ஆவுடைக்கே என்று தீர்ப்பு மாற்றி எழுதினார். பிறகு கேட்டார்:

"சரி, யாரிடம் ஒப்படைக்க?"

பூச்சந்தையில் தேடினான். கோயில் வாசல்களில் தேடினான். சத்திரம் சத்திரமாகத் தேடினான். அவள் கிடைக்கவேயில்லை.

கேட்ட அன்றைக்குச் சொல்லாத உண்மையை அப்புறம் ஊரறியச் சொன்னாலும், இழந்தவருக்கு அது பயன்படாது.