அப்பா இல்லை

ஒரே ஒரு சொல்லில் முடிச்சு விழுந்த கதை இது. அவசரப்பட்டு நடுவில் யாரும் விடை சொல்ல வேண்டாம். கேட்க வேண்டிய இடத்தில் நானே கேட்கிறேன்.

கோவில்பட்டியில் தீப்பெட்டிக் கம்பெனியில் லேபிள் ஒட்டுகிற மகேஸ்வரிக்கு ஒரே மகள், சங்கவி. அவள் ஏழாம் வகுப்பு படித்தபோது ஒரு ஞாயிற்றுக்கிழமை, அவளுடைய அப்பன் ரத்தினவேல், "டீ குடிச்சிட்டு வந்துர்றேன்" என்று சொல்லிச் செருப்பை மாட்டிக்கொண்டு போனான். அந்த டீக்கடை திருப்பூரில் இருந்தது என்பது ஆறு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. அங்கே அவனுக்கு வேறொரு குடும்பம் அமைந்துவிட்டது. மகேஸ்வரி அழுது ஓய்ந்தாள். பிறகு தினமும் நெற்றி நிறையப் பொட்டு வைத்துக்கொண்டு வேலைக்குப் போனாள். தாலியை ஒரு நாளும் கழற்றவில்லை. தெருவில் கேலி செய்தவர்களுக்கு அவள் சொன்ன பதில் அந்தப் பொட்டு ஒன்றுதான்.

பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும் சங்கவிக்கு நர்சிங் கல்லூரியில் இடம் கிடைத்தது. நான்கு வருடப் படிப்பு. கட்டணம் கட்ட வழியில்லை. தந்தையை இழந்த மாணவிகளுக்குப் படிப்பு முடியும்வரை ஓர் அறக்கட்டளை உதவுவதாகக் கேள்விப்பட்டு, விண்ணப்பத்தோடு போய் நின்றாள். அங்கே செயலாளர் சொக்கநாதன் இளகிய மனசுக்காரர். தலை குனிந்து நிற்கிற பிள்ளைகளிடம் அதிகம் கேள்வி கேட்க அவருக்கு வராது.

"அப்பா இருக்காராம்மா?"

"இல்ல சார்."

"எப்போம்மா?"

"நான் ஏழாவது படிக்கும்போது சார்."

அவர் உச்சுக் கொட்டிவிட்டு, ரத்தினவேல் என்ற பெயருக்குப் பக்கத்தில் தன் கையாலேயே 'காலமானார்' என்று எழுதினார். நம் பாஷையில் 'இல்லை' என்ற சொல், வீட்டில் இல்லாதவனுக்கும் உலகத்தில் இல்லாதவனுக்கும் பொதுதானே. சங்கவி அந்த வார்த்தையைப் படித்தாள். இரண்டு விநாடி பேனாவைப் பிடித்துக்கொண்டு நின்றாள். பிறகு கையெழுத்துப் போட்டாள். அம்மாவிடம், "ஃபீஸ் அவங்களே கட்டுறாங்களாம்மா" என்று மட்டும் சொன்னாள்.

மூன்று வருடம் ஓடியது. இன்னும் ஒரு வருடம் பாக்கி இருக்கும்போது அறக்கட்டளைக்கு ஒரு மொட்டைக் கடிதம் வந்தது. காலமான ரத்தினவேல் திருப்பூரில் உயிரோடு பனியன் மடித்துக்கொண்டிருக்கிறான், விலாசம் இது என்று எழுதியிருந்தது. அடுத்த வீட்டுப் பெண் படித்து வெள்ளைக் கோட்டு போட்டால் யாருக்கு என்ன நஷ்டமோ, தெரியவில்லை.

செயலாளர் தாய், மகள், ரத்தினவேல் மூவரையும் வரச் சொன்னார். அன்று பஸ்ஸில்தான் சங்கவி நடந்ததை அம்மாவிடம் சொன்னாள். மகேஸ்வரி அடிக்கவுமில்லை, திட்டவுமில்லை. "என் நெத்தியில பொட்ட வச்சிக்கிட்டே அந்த ஆள சாகடிச்சிருக்கியே" என்றாள். "அங்க வந்து எதுவும் பேசாதம்மா, ஒரே ஒரு வருசந்தான்" என்று சங்கவி கெஞ்சினாள்.

அலுவலகத்தில் ரத்தினவேல் இஸ்திரி போட்ட சட்டையோடு உட்கார்ந்திருந்தான். எட்டு வருடம் கழித்துப் பார்க்கிற மகளை ஏறிட்டும் பார்க்கவில்லை. செயலாளர் விதியை வாசித்தார். தந்தை உயிரோடு இருந்தால் உதவி நிறுத்தப்படும் என்றது முதல் வரி. ரத்தினவேல் மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தான். இதுவரை கட்டிய தொகை தந்தையிடமிருந்து வசூலிக்கப்படும் என்றது இரண்டாவது வரி. ரத்தினவேல் எழுந்து நின்றான்.

"எனக்குப் பொண்ணே கிடையாது சார். பேரு ஒத்துப்போயிருக்கும்."

நமக்காகத்தான் அப்பா பொய் சொல்கிறார் என்று சங்கவி, அந்தப் பைத்தியக்காரப் பெண், ஒரு நொடி நம்பினாள். செயலாளருக்கும் அந்தப் பதில் போதும். அத்தோடு கோப்பை மூடிவிடலாம். ஆனாலும் முறைக்காக மகேஸ்வரியிடம் திரும்பினார்.

"ஏம்மா, இவரு யாருன்னு தெரியுமா?"

சங்கவி அம்மாவின் முழங்கையை அழுத்தினாள். மகேஸ்வரி கையை விலக்கிக்கொண்டாள்.

"இந்தத் தாலிய கட்டுனது இவருதான் சார். என் பிள்ளைக்கு அப்பன் இவருதான். இல்லேன்னு சொன்னா, அப்போ இவ யாரு பிள்ளைன்னு நாளைக்கு ஊரு கேக்கும். அதுக்கு நான் எங்க போயி பதில் சொல்ல?"

செயலாளர் சங்கவியிடம் திரும்பினார். "நீ சொல்லும்மா. இவர் உன் அப்பாதானா?"

சங்கவி அந்த இஸ்திரி போட்ட சட்டையை நெடுநேரம் பார்த்தாள்.

"எனக்கு அப்பா இல்ல சார்."

அன்று சொன்ன அதே சொல். செயலாளர் தாய் சொன்னதையே பதிவு செய்தார். உதவி நின்றது. கட்டிய தொகையைத் திருப்பித் தருவதாக எழுதிய தாளை நீட்டியதும் ரத்தினவேல், டீ குடித்துவிட்டு வந்து கையெழுத்துப் போடுகிறேன் என்று எழுந்து போனான். இன்னும் வரவில்லை.

இப்போது சொல்லுங்கள். ஒருவன் மகள் இல்லை என்றான். ஒருத்தி இவன்தான் அப்பன் என்றாள். ஒருத்தி அப்பா இல்லை என்றாள். அந்த அறையில் அன்று பொய் சொன்னது யார்?

விடை: ரத்தினவேல் ஒருவன்தான். மகளுக்காகச் சொன்னான் என்பவர்கள், அவன் எந்த வரிக்கு எழுந்தான் என்று திரும்பிப் பாருங்கள். மகேஸ்வரி சொன்னது உண்மை. மகளின் கடைசி வருடத்தைக் கொடுத்து அதை வாங்கினாள். சங்கவியும் பொய் சொன்னவள்தான், ஆனால் அன்றல்ல. மூன்று வருடத்துக்கு முன்பு. அப்போது அவளுக்கு ஓடிப்போன அப்பன் ஒருவன் இருந்தான். எனக்குப் பெண்ணே கிடையாது என்று அவன் வாயாலேயே சொன்ன பிறகு, அவனும் இல்லை. அந்தச் சொல் பொய்யாக இருந்தவரை அவளுக்குக் கட்டணம் கட்டினார்கள், உண்மையானதும் நிறுத்திவிட்டார்கள். இந்த வருட விண்ணப்பத்தில் இறப்புச் சான்றிதழ் எண்ணுக்கென்று புதிதாக ஒரு கட்டம் சேர்த்திருக்கிறார்கள்.