இடி ஒரு பாதி, குடை ஒரு பாதி

சங்கரன்கோவிலில் ‘அரக்கர் போர்’ கார்டு ஆட்டம் ஆடுகிறவர்கள் மொத்தம் நாலு பேர். நாலு பேரும் முட்டாள்கள். இதை நான் தைரியமாகச் சொல்லலாம். நாலில் ஒருவன் நான்.

என் பெயர் சொர்ணலிங்கம், ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறேன். மற்ற மூவர்: லேத் பட்டறை தவசிக்கண்ணு, பிஸ்கட் சேல்ஸ்மேன் புகாரி, தபால் ஆபீஸ் மரியதாசன். எல்லோருக்கும் வயது முப்பத்தைந்து தாண்டிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மதியம் கடை மேஜையில் பூதங்களையும் மந்திரங்களையும் மோதவிடுவோம். விதிப் புத்தகம் மரியதாசனிடம் இருக்கும். அரசாங்க உத்தியோகம் பார்க்கிறவன் கையில் இருந்தால்தான் விதிக்கு மரியாதை.

மூன்று வருஷத்தில் எந்தப் போட்டியிலும் ஓர் ஆட்டம்கூட நாங்கள் ஜெயித்ததில்லை. தவசியின் மனைவி பொன்மணி ஒருநாள் தீர்த்துச் சொல்லிவிட்டாள்: “திருநெல்வேலிப் போட்டியிலயாவது ஜெயிக்கிற மாதிரி ஆடிட்டு வாங்க. இல்லேன்னா அம்புட்டு கார்டையும் பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுருவேன்.”

தவசி பயந்துபோய்ப் புது பாக்கெட் ஒன்று வாங்கிப் பிரித்தான். உள்ளே நாங்கள் அதுவரை பார்த்திராத ஒரு கார்டு. ஒரே அட்டையில் அருகருகே இரண்டு குட்டிப் படம். இடப்பக்கம் ‘இடி’: எதிராளியின் பூதங்கள் எல்லாம் சாகும். வலப்பக்கம் ‘குடை’: நம் பூதங்கள் எல்லாம் தப்பிக்கும். நடுவில் ஒரு சாய்கோடு.

“இது பேரு என்னலே?” என்றான் புகாரி.

“இடிகுடை” என்றான் தவசி.

“நடுவுல ‘க்’ வரும். இடிக்குடை” என்றான் மரியதாசன்.

“கோட்டை விட்டுட்டியே. அதையும் வாசிக்கணும்லா? இடி சாய்கோடு குடை.” இதைச் சொன்னது நான். வெட்கமாகத்தான் இருக்கிறது.

ஒரு மணி நேர விவாதத்துக்குப் பிறகு மரியதாசன் புத்தகத்தைப் பிரித்து வாசித்தான். “இரட்டைக் கார்டுக்குப் பெயர் இரண்டு. ஆடும்போது ஒரு பாதியை மட்டுமே மேஜையில் இறக்க வேண்டும். எந்தப் பாதியோ, அதன் பெயரை உரக்க அறிவிக்க வேண்டும்.”

தவசி கார்டை மேஜை விளிம்பில் வைத்தான். இடி மேஜைமேல், குடை அந்தரத்தில். ஃபேன் காற்றில் கார்டு கீழே விழுந்தது. மறுபடி வைத்தான். மறுபடி விழுந்தது. கடைசியில் புகாரி மேஜைக்கு அடியில் உட்கார்ந்து குடையை ஒரு விரலால் தாங்கிக்கொண்டான். அந்த விரல் ஆட்டத்தில் சேர்த்தியா இல்லையா என்று விவாதித்தோம். விரலைப் பற்றிப் புத்தகத்தில் ஒன்றும் இல்லை. அதனால் அனுமதித்தோம்.

இப்படிப் பயிற்சி எடுத்துக்கொண்டு திருநெல்வேலிக்குப் போனோம். ஒரு கல்யாண மண்டபத்தின் சாப்பாட்டுக் கூடத்தில் போட்டி. தவசிதான் ஆடப்போகிறவன், நாங்கள் மூவரும் ஆலோசகர்கள். நடுவர் சுடர்விழி மேடம் கார்டுகளை எண்ணினார். “அறுபது இருக்கணும். அம்பத்தொம்பதுதான் இருக்கு.”

“இரட்டைக் கார்டை ரெண்டா எண்ணணும் மேடம். பேரு ரெண்டுல்லா?” என்றான் மரியதாசன்.

மேடம் பொறுமைசாலி. “பேரு ரெண்டு, கார்டு ஒண்ணுதான். என்னை வீட்ல பாப்பான்னு கூப்பிடுவாங்க. அதுக்காக நான் ரெண்டு ஆளா?”

நாங்கள் நாலு பேரும் அவரை ஒருமுறை எண்ணிப் பார்த்தோம். ஒருவர்தான் இருந்தார். ஒப்புக்கொண்டோம். பாவம் என்று ஒரு தவளைக் கார்டை அவரே கொடுத்து அறுபதாக்கினார்.

எதிரில் ஆட வந்தது நாகர்கோவில் கல்லூரிப் பெண், பெயர் ஜெனிலா. நன்றாக ஆடினாள். ஆனால் தவசிக்கு அன்றைக்கு என்ன அதிர்ஷ்டமோ, நல்ல கார்டாக வந்துகொண்டிருந்தது. கடைசிச் சுற்றில் அவளிடம் மூன்று பூதங்கள் மிச்சம், தவசி கையில் அந்த இரட்டைக் கார்டு. இடியை இறக்கினால் வெற்றி. மூன்று வருஷத்தில் முதல் வெற்றி!

ஜெனிலா ‘வாய்ப்பூட்டு’ கார்டை இறக்கினாள். அதை ஆடுகிறவர் ஒரு பெயரைச் சொல்ல வேண்டும், சொன்ன பெயரை எதிராளி ஆடக் கூடாது. முந்தின சுற்றில் நாங்கள் கார்டைச் சாய்த்துப் பிடித்து அவளுக்குக் குடைப் பாதியைக் காட்டிவிட்டிருந்தோம். அதனால் அவள், “குடை” என்றாள்.

“குடைக்குத் தடை” என்று அறிவித்தார் மேடம்.

புகாரி சட்டென்று எழுந்து, தான் கொண்டுவந்த கறுப்புக் குடையை மண்டபத்துக்கு வெளியே வைத்துவிட்டு வந்தான்.

“ஒரு பாதியைத்தான் பூட்டியிருக்கு. இன்னொரு பாதி செல்லும். பேரைச் சொல்லி இறக்குங்க, ஒரு நிமிஷம்தான்” என்று மேடம் கடிகாரத்தைத் தட்டினார்.

தவசி குழம்பிவிட்டான். “என்ன சொல்லணும் மேடம்?”

“இடி மட்டும் சொல்லுங்க.”

தவசி எழுந்து நின்று உரக்கச் சொன்னான்: “இடி மட்டும்!”

“அப்படி ஒரு கார்டு இல்லைங்க. வெறும் இடி.”

“வெறும் இடி!”

“ஐயோ, அதுவும் இல்லை. இடி, அவ்வளவுதான்!”

“இடி அவ்வளவுதான்!”

மரியதாசன் புத்தகத்தைப் புரட்டினான். அப்படி எந்தப் பெயரும் அதில் இல்லை. பத்து விநாடிதான் பாக்கி. ஜெனிலாவுக்கே பொறுக்கவில்லை. தான் தோற்றாலும் பரவாயில்லை என்று கத்தினாள்: “அண்ணே, இடி! இடிண்ணே, இடி!”

அவள் பார்வை பட்ட திசையில் புகாரி நின்றிருந்தான். சொன்னதைச் செய்கிறவன். தோளால் மேஜையை ஓங்கி ஓர் இடி இடித்தான். நூற்றிருபது கார்டுகளும் கூடம் முழுக்கப் பறந்தன. ஒரு தவளை சாம்பார் வாளிக்குள் போய் விழுந்தது. மணி அடித்தது. தோற்றோம்.

தவசி தரையில் உட்கார்ந்து கார்டுகளைப் பொறுக்கினான். கண் கலங்கியிருந்தது. ஜெனிலாவும் கூட உட்கார்ந்து பொறுக்கினாள். பிறகு ஒரு காகிதத்தில், “அண்ணன் ஜெயிக்கிற மாதிரிதான் ஆடினார்” என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தாள். அந்தக் காகிதத்தைப் பார்த்துத்தான் பொன்மணி கார்டுகளை விட்டுவைத்தாள். ஆனால் அது வீட்டுக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நடந்தது. வீட்டுக்குப் போய்ச் சேர்வது அன்றைக்கு அவ்வளவு சுலபமாக இல்லை.

விடைபெறும்போது சுடர்விழி மேடம் கைகூப்பி, “சரி, போயிட்டு வாங்க” என்றார்.

பெரிய மனுஷி சொல்லைத் தட்டலாமா? பஸ் ஸ்டாண்டு வரைக்கும் போனோம். திரும்பி வந்தோம்.

மேடம் நாற்காலிகளை அடுக்கிக்கொண்டிருந்தார். “என்ன, எதையாவது விட்டுட்டீங்களா?”

“இல்ல மேடம். போயிட்டு வந்துட்டோம்.”

அவர் கையிலிருந்த நாற்காலியைக் கீழே வைத்தார். “ரொம்ப சந்தோஷம். போயிட்டு வாங்க” என்றார் மறுபடியும், பழக்கதோஷத்தில்.

வெயிலில் இரண்டாவது தடவையும் போய்விட்டு, மூச்சு வாங்கத் திரும்பினோம். நாங்கள் மண்டப வாசலுக்கு வருவதைப் பார்த்ததும் மேடம் ஓட்டமாக ஓடி ஓர் ஆட்டோவில் ஏறினார். டிரைவர் “எங்கம்மா போகணும்?” என்று கேட்டதும், “எங்கேயாவது போப்பா, சீக்கிரம்!” என்று அவர் சொன்னதும் எங்கள் காதில் தெளிவாக விழுந்தன.

புகாரி உச்சுக்கொட்டினான். “பாவம்லே. சொந்த வீடு எங்க இருக்குன்னே தெரியல. இவங்களைப் போய் நடுவராப் போட்டிருக்காங்க.”